ஹாம் பாக்கெட்டில் உள்ள தேதி: அது என்ன சொல்கிறது, எதைச் சொல்வதில்லை?

ஃபிரிட்ஜில் பாதி காலியான ஹாம் பாக்கெட் ஒன்று. உறையில் அச்சிட்ட தேதிக்கு இன்னும் 9 நாள் பாக்கி. ஆனால் அதை எப்போது பிரித்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

"டேட்தான் இன்னும் இருக்கே, சாப்பிடலாம்ல?"

பல வீடுகளில் கேட்கும் கேள்விதான். ஆனால் அந்தத் தேதியை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்லமுடியாது.

காரணம், அந்தத் தேதி இரண்டு நிபந்தனைகளோடு வருகிறது. ஒன்று, பாக்கெட் பிரிக்கப்படாமல் இருக்கவேண்டும். இரண்டு, அது தொடர்ந்து குளிரில் இருந்திருக்கவேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தத் தேதியை நம்பமுடியாது. அதன்பிறகு நீங்கள் பார்க்கவேண்டியது வேறொரு கணக்கு.

அந்தக் கணக்கு என்ன? பார்ப்போம்.

முதலில், ஹாம் என்றால் என்ன?

ஹாம் என்பது முதலில் உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை இறைச்சியைக் குறித்த சொல். இன்று சிங்கப்பூர்ப் பேரங்காடிகளில் கோழி ஹாம், வான்கோழி ஹாம் எல்லாம் கிடைக்கின்றன.

ஸ்லைஸ் போட்டு பாக்கெட்டில் வரும் ஹாமில் பெரும்பாலானவை ஏற்கெனவே வேகவைக்கப்பட்டவை. பிரித்து அப்படியே ரொட்டியில் வைத்துச் சாப்பிடலாம். வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். பச்சைக் கோழியில் கிருமி இருந்தால் சமைக்கும்போது செத்துவிடும். ஹாமைப் பொறுத்தவரை உங்கள் வீட்டில் அந்தச் சமையல் கட்டமே இல்லை. தொழிற்சாலைக்குப் பிறகு அதில் ஏதாவது கிருமி சேர்ந்தால் அது நேராக உங்கள் வாய்க்குத்தான் வரும்.

ஹாமின் இளஞ்சிவப்பு நிறத்துக்குக் காரணம் சோடியம் நைட்ரைட் என்னும் உப்பு. கடுமையான நச்சை உண்டாக்கும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற கிருமி வளராமல் தடுக்கவும் அது உதவுகிறது. ஆனால் எல்லாக் கிருமிகளையும் அது தடுத்துவிடாது.

இறைச்சி பன்றியா, கோழியா, வான்கோழியா என்பதைப் பொறுத்துச் சேமிப்பு விதி மாறுவதில்லை. ஹலால் முத்திரை சேர்பொருளையும் தயாரிப்பு முறையையும் பற்றியது. பிரித்தபிறகு எத்தனை நாள் வைக்கலாம் என்பதை அது சொல்லாது.

நான்கு சொற்கள், நான்கு அர்த்தங்களா?

பொதுவாக உறைகளில் நீங்கள் பார்க்கும் சொற்கள் இவை:

- யூஸ் பை: இந்தத் தேதிக்குள் சாப்பிட்டுவிடவேண்டும். பாதுகாப்பை மனத்தில் வைத்துப் போடப்படும் தேதி.
- எக்ஸ்பைரி டேட்: காலாவதித் தேதி. இதைத் தாண்டினால் சாப்பிடவேண்டாம்.
- பெஸ்ட் பிஃபோர்: இந்தத் தேதி வரை சுவை, மணம், பதம் எல்லாம் நன்றாக இருக்கும். தரத்தைப் பற்றிய தேதி.
- செல் பை: கடைக்காரருக்கான தேதி. அதற்குள் விற்றுவிடவேண்டும்.

பிஸ்கட், அரிசி மாவு போன்ற உலர்ந்த பொருள்களில் பெஸ்ட் பிஃபோர் தேதி தாண்டியதும் ஆபத்து வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மொறுமொறுப்பு குறையலாம், அவ்வளவுதான். ஆனால் குளிரில் வைக்கவேண்டிய ஹாமுக்கு அந்தச் சலுகையைக் கொடுக்காதீர்கள். உறையில் எந்தச் சொல் இருந்தாலும் வீட்டில் அதைக் கடைசித் தேதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூர்ச் சட்டம் என்ன சொல்கிறது? உணவு விதிமுறைகள் பட்டியலிடும் பாக்கெட் உணவு வகைகளுக்குத் தேதி கட்டாயம். மேலே உள்ள நான்கு சொற்களில் எதையும் பயன்படுத்தலாம். எழுத்து குறைந்தது 3 மில்லிமீட்டர் உயரம் இருக்கவேண்டும். தேதி தாண்டியதைக் கடையில் விற்கக்கூடாது. பெஸ்ட் பிஃபோர் என்று போட்டிருந்தாலும் விற்பனைக்கு அதே விதிதான்.

பலரும் கவனிக்காத இன்னொரு விதியும் உண்டு. சேமிக்கும் முறையைப் பொறுத்தே தேதி செல்லுபடியாகும் என்றால், அந்த முறையையும் உறையில் போட்டாகவேண்டும். "4 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் வைக்கவும்" என்பதைப் போன்ற குறிப்பு அதுதான். தேதியையும் அந்தக் குறிப்பையும் சேர்த்து ஒரே வாக்கியமாகப் படியுங்கள்: "4 டிகிரிக்குக் கீழ் வைத்தால், பிரிக்காமல் இருந்தால், இந்தத் தேதி வரை."

இறக்குமதிப் பொருள்களில் எண்களின் வரிசையையும் பாருங்கள். 03/05 என்றால் நமக்கு மே மாதம் 3ஆம் தேதி. அமெரிக்க வழக்கத்தில் அது மார்ச் 5. குழப்பமாக இருந்தால் கடை ஊழியரிடம் கேட்பதே நல்லது.

பிரித்ததும் உள்ளே என்ன மாறுகிறது?

ஹாம் பாக்கெட்டுகள் பெரும்பாலும் இரண்டு விதம். ஒன்றில் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். உறை இறைச்சியோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும். இன்னொன்றில் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன், கரியமில வாயு ஆகியவற்றின் கலவையை நிரப்புவார்கள். அந்த பாக்கெட் சற்று உப்பியிருக்கும். இரண்டின் நோக்கமும் ஒன்றுதான்: உணவைக் கெடுக்கும் கிருமிகளுக்கு உயிர்வளி கிடைக்காமல் செய்து அவற்றின் வளர்ச்சியை மெதுவாக்குவது.

உறையைக் கிழித்த நொடியில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. காற்று உள்ளே போகிறது. கை படுகிறது. கத்தி படுகிறது. கையிலும் கத்தியிலும் உள்ளவையும் சேர்ந்து போகின்றன.

சரி, அப்போ எத்தனை நாள்? இதோ கணக்கு:

- பிரித்த பாக்கெட்: ஃபிரிட்ஜில் 3 முதல் 5 நாள்.
- உறையில் "பிரித்த 3 நாளுக்குள்" என்று இருந்தால், 3 நாள்தான்.
- 5 நாள் முடிவதற்குள் உறையில் உள்ள தேதி வந்துவிட்டால், அந்தத் தேதிதான் கடைசி.
- பேரங்காடியின் டெலி முகப்பில் வெட்டி எடைபோட்டு வாங்கிய ஹாம்: வெட்டிய நாளிலிருந்து 3 முதல் 5 நாள். அது ஏற்கெனவே பிரிக்கப்பட்டதுதான்.

ஓர் உதாரணம். ஞாயிற்றுக்கிழமை பிரித்தீர்கள். உறையில் வேறு குறிப்பு எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடவேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பசியாறலுக்கு அதை எடுக்காதீர்கள். உறையில் உள்ள தேதி அடுத்த மாதமாகவே இருந்தாலும் சரி.

சுலபமான வழி: பிரித்த அன்றே பெட்டியின் மேல் ஒரு டேப் ஒட்டி, தேதியை எழுதிவையுங்கள். வீட்டில் நான்கு பேர் ஒரே ஃபிரிட்ஜைப் பயன்படுத்தும்போது நினைவாற்றலைவிட பேனாவை நம்பலாம்.

மூக்கை நம்பலாமா?

"மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு." இது பாதி உண்மை மட்டுமே.

உணவைக் கெடுக்கும் கிருமிகள் வேறு, மனிதனுக்கு நோய் தரும் கிருமிகள் வேறு. புளித்த வாடை, வழவழப்பு, மங்கிய சாம்பல் நிறம் எல்லாம் முதல் வகையின் வேலை. இரண்டாவது வகை எந்த வாடையும் காட்டாமலே பெருகக்கூடியது. கெட்ட வாடை வந்தால் தூக்கிப்போடவேண்டும் என்பது சரி. வாடை வரவில்லை என்றால் பாதுகாப்பு என்பது தவறு.

ஹாம் விஷயத்தில் இரண்டு கிருமிகளைத் தெரிந்துகொள்வது நல்லது.

லிஸ்டீரியா: பெரும்பாலான கிருமிகள் ஃபிரிட்ஜ் குளிரில் சோர்ந்துவிடும். லிஸ்டீரியா சோர்வதில்லை. 4 டிகிரியிலும் மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும். உப்பையும் தாங்கும். அதனால்தான் ஃபிரிட்ஜில் இருந்தாலும் நாள் கணக்கு முக்கியம். அறிகுறிகள் சில நாளில் வரலாம். சிலருக்கு 70 நாள்கூட ஆகலாம். எந்த உணவால் வந்தது என்று யோசித்துப் பார்த்தாலும் ஞாபகம் வராது.

ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ்: நம் தோலிலும் மூக்கிலும் சாதாரணமாக இருக்கும் கிருமி. கை வழியாக ஹாமுக்குப் போகும். உப்பு அதிகமுள்ள உணவில் மற்ற கிருமிகள் திணறும், இது வளரும். வெளியில், வெப்பத்தில் இருக்கும் ஹாமில் நச்சை உண்டாக்கும். கிருமியைச் சூடாக்கிக் கொல்லலாம். அந்த நச்சு சூட்டில் அழியாது. மேசையில் மணிக்கணக்கில் கிடந்த ஹாமை ஃபிரைட் ரைஸில் போட்டு வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது அதனால்தான் தவறு.

லிஸ்டீரியா எவ்வளவு மோசமாகலாம் என்பதற்கு தென்னாப்பிரிக்கா ஓர் உதாரணம். அங்கு 2017, 2018ஆம் ஆண்டுகளில் 1,000க்கும் அதிகமானோருக்கு லிஸ்டீரியா தொற்று உறுதியானது. 200க்கும் அதிகமானோர் மாண்டனர். போலோனி எனப்படும், சமைக்காமல் அப்படியே சாப்பிடும் பதப்படுத்திய இறைச்சிதான் காரணம் என்று 2018 மார்ச்சில் தெரியவந்தது. 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டெலி இறைச்சியோடு தொடர்புடைய லிஸ்டீரியா தொற்றால் 61 பேர் பாதிக்கப்பட்டனர். அவர்களில் 10 பேர் மாண்டனர்.

இரண்டிலும் கிருமி தொழிற்சாலையிலேயே உணவில் சேர்ந்துவிட்டது. அதை வீட்டில் நம்மால் தடுக்கமுடியாது. ஆனால் கொஞ்சமாக உள்ள கிருமி ஏராளமாகப் பெருகுவதற்கு நாம் எத்தனை நாள் கொடுக்கிறோம் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

மூக்கைப் போலவே கண்ணும் சில நேரம் தவறாகச் சொல்லும். ஹாம் ஸ்லைஸில் பச்சையும் ஊதாவுமாக வானவில் போல ஒரு பளபளப்பு தெரிந்தால் பயப்படவேண்டாம். தசை நார்களைக் குறுக்கே வெட்டும்போது அவற்றின் மேல் படும் ஒளி சிதறுவதால் வருவது அது. கெட்டுப்போனதற்கான அடையாளம் அல்ல. ஆனால் இறுக்கமாக இருந்த பாக்கெட் திடீரென்று உப்பியிருந்தால், உள்ளே நீர் கலங்கிப் பிசுபிசுப்பாக இருந்தால், யோசிக்காமல் தூக்கிப்போடலாம்.

யாருக்குக் கூடுதல் கவனம் தேவை?

ஆரோக்கியமான இளையருக்கு லிஸ்டீரியா பெரும்பாலும் வயிற்றுக்கோளாறு, காய்ச்சலோடு போய்விடும். வீட்டில் எல்லாரும் அப்படி இல்லை.

- கர்ப்பிணிகள்: மற்றவர்களைவிட லிஸ்டீரியா தொற்றும் வாய்ப்பு சுமார் 10 மடங்கு அதிகம். தாய்க்கு லேசான காய்ச்சல் மட்டும் இருக்கலாம். ஆனால் கருச்சிதைவு ஏற்படலாம், குழந்தை இறந்து பிறக்கலாம், பிறந்த குழந்தைக்குக் கடுமையான தொற்று வரலாம்.
- 65 வயதும் அதற்கு மேலும் உள்ள மூத்தோர்.
- பச்சிளங்குழந்தைகள்.
- புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டோர் என நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்.

இவர்கள் ஹாமைக் குளிராக அப்படியே சாப்பிடாமல் இருப்பது நல்லது. ஆவி பறக்கும் அளவுக்கு, அதாவது உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் லிஸ்டீரியா செத்துவிடும். அக்கா கர்ப்பமாக இருக்கிறார், பாட்டி கூடவே இருக்கிறார் என்றால், சாண்ட்விச் செய்யும்போது ஹாமை வாணலியில் நன்றாக வாட்டிவிடுங்கள். நாள் கணக்கு அவர்களுக்கும் உண்டு. பழைய ஹாமைச் சூடாக்கிக் கொடுப்பது வழியல்ல.

கடையிலிருந்து வீடு வரை

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சிங்கப்பூரில் வெளியே எந்நேரமும் அந்த வெப்பநிலைதான்.

ஹாம் மொத்தமாக 2 மணி நேரத்துக்கு மேல் குளிருக்கு வெளியே இருக்கக்கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். "மொத்தமாக" என்ற சொல் முக்கியம். பேருந்தில் 40 நிமிடம், கடைத்தொகுதியில் காப்பி குடித்த 30 நிமிடம், வீட்டில் பை அப்படியே கிடந்த 20 நிமிடம் எல்லாம் கூட்டல் கணக்கு.

- மற்றப் பொருள்களையெல்லாம் எடுத்தபிறகு ஹாமைக் கடைசியாக எடுங்கள்.
- குளிர்ச்சி தாங்கும் பை ஒன்றை எப்போதும் வைத்திருங்கள்.
- பச்சை இறைச்சியையும் ஹாமையும் ஒரே பையில் போடாதீர்கள்.
- வீட்டுக்கு டெலிவரி வந்தால் உடனே உள்ளே எடுத்துவையுங்கள். தொட்டுப் பார்க்கும்போது பாக்கெட் குளிர்ச்சியாக இல்லை என்றால் விற்பனையாளரிடம் சொல்லுங்கள்.

ஃபிரிட்ஜில் எங்கே வைப்பது?

கதவில் வேண்டாம். திறந்து மூடும்போதெல்லாம் சூடாகும் இடம் அதுதான். நடுத்தட்டின் உட்பகுதி நல்ல இடம். பச்சைக் கோழி, மீன் எல்லாம் ஹாமுக்குக் கீழ்த்தட்டில் இருக்கட்டும். மேலே இருந்தால் நீர் சொட்டும்.

ஃபிரிட்ஜ் 0 முதல் 4 டிகிரிக்குள் இருக்கவேண்டும். உள்ளே உள்ள திருகில் 1 முதல் 5 வரை எண்கள் இருக்குமே, அவை டிகிரி அல்ல. பெரும்பாலான ஃபிரிட்ஜ்களில் எண் கூடினால் குளிர் கூடும். உண்மையான வெப்பநிலை தெரியவேண்டும் என்றால் ஒரு குவளைத் தண்ணீரில் ஃபிரிட்ஜ் தெர்மாமீட்டரைப் போட்டு, இரவு முழுதும் நடுத்தட்டில் வைத்துக் காலையில் பாருங்கள்.

பிரித்த ஹாமை மூடி இறுக்கமான டப்பாவுக்கு மாற்றுங்கள். விரலால் எடுக்காமல் சுத்தமான முள்கரண்டியால் எடுங்கள். தேவையான ஸ்லைஸை எடுத்ததும் டப்பாவை உடனே உள்ளே வையுங்கள். ஃபிரிட்ஜ் பழுதானால் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால் ஹாமை வைத்துக்கொள்ளவேண்டாம்.

ஃபிரீசரில் வைக்கலாமா?

வைக்கலாம். மலிவு விற்பனையில் மூன்று பாக்கெட் வாங்கிவிட்டீர்கள் என்றால் அதுதான் நல்ல வழி.

மைனஸ் 18 டிகிரியில் கிருமிகள் வளராது. ஆனால் சாகவும் சாகாது. தூங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதனால் தேதி தாண்டுவதற்கு முன்பே, முடிந்தால் வாங்கிய அன்றே உறையவையுங்கள். நான்கு நாள் ஃபிரிட்ஜில் இருந்ததை ஃபிரீசரில் வைத்தால் அந்த நான்கு நாள் அழிந்துபோகாது. வெளியே எடுத்ததும் கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஒரு வேளைக்குத் தேவையான அளவில் பிரித்துக் கட்டி வையுங்கள். 1 முதல் 2 மாதத்துக்குள் பயன்படுத்தினால் சுவை நன்றாக இருக்கும். உறைந்ததைச் சமையலறை மேசையில் வைத்து உருகவிடாதீர்கள். முந்தைய இரவே ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள்.

டின்னில் வரும் ஹாம்?

டின் என்றாலே வெளியில் வைக்கலாம் என்று நினைக்கவேண்டாம். டின் ஹாமில் இரண்டு வகை உண்டு. ஒன்று அலமாரியில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். இன்னொன்று குறைந்த சூட்டில் பதப்படுத்தியது, திறக்கும் முன்பும் ஃபிரிட்ஜில்தான் இருக்கவேண்டும். லேபிளில் "குளிரில் வைக்கவும்" என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

திறந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். டின்னிலேயே விடாமல் டப்பாவுக்கு மாற்றி, ஃபிரிட்ஜில் வைத்து 3, 4 நாளில் முடித்துவிடுங்கள். லஞ்சன் மீட்டுக்கும் இதே கணக்குதான். உப்பியிருக்கும், கசியும், ஆழமாக நசுங்கிய டின்களை வாங்காதீர்கள்.

சட்டென்று சில பதில்கள்

"காலை 6 மணிக்குக் கட்டிய ஹாம் சாண்ட்விச்சை மதியம் 1 மணிக்குச் சாப்பிடலாமா?"
குளிர்ச்சி இல்லாமல் பையில் இருந்தால் கூடாது. அது 7 மணி நேரம். ஐஸ் பேக்கோடு குளிர்ச்சி தாங்கும் பையில் வையுங்கள். அலுவலகத்தில் ஃபிரிட்ஜ் இருந்தால் போனதும் அதில் வைத்துவிடுங்கள்.

"தேதி நேற்றோடு முடிந்தது. பாக்கெட் பிரிக்கவே இல்லை."
குளிரில் வைக்கவேண்டிய ஹாம் என்றால் வேண்டாம்.

"நேற்று விருந்தில் மிஞ்சியது. இரவு முழுதும் மேசையில் இருந்தது."
தூக்கிப்போடுங்கள். சூடாக்கினாலும் நச்சு போகாது.

"எப்போது பிரித்தோம் என்று தெரியவில்லை."
தெரியாத நாளை எண்ணமுடியாது. அதையும் தூக்கிப்போடத்தான் வேண்டும். அடுத்த முறை சின்ன பாக்கெட்டாக வாங்குங்கள், உணவும் வீணாகாது.

கடையில் தேதி தாண்டிய பாக்கெட்டைப் பார்த்தால்?

முதலில் கடை ஊழியரிடம் சொல்லுங்கள். வாங்கி வந்தபிறகு கவனித்தால், ரசீதையும் உறையையும் பத்திரப்படுத்துங்கள். தேதியும் தயாரிப்பு எண்ணும் தெரியும்படி படம் எடுத்து, சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையப்பக்கம் வழியாகத் தெரியப்படுத்தலாம். ஹாம் சாப்பிட்டபிறகு காய்ச்சல், விடாத வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் லேசான காய்ச்சல் என்றாலும் காத்திருக்கவேண்டாம். என்ன சாப்பிட்டீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.